இரண்டு விநாடி

பள்ளிக்கூட ஸ்டோர் ரிஜிஸ்டரில்
பதினான்காம் பக்கம், ஏழாவது வரிசை:
ஸ்டாப் வாட்ச் ஒன்று. நல்ல நிலை.
வெள்ளி சாயங்காலம் கையெழுத்துப் போட்டு எடுப்பேன்.
திங்கள் காலை திரும்ப வைப்பேன்.
இடையில் அது அண்ணனுடையது.

ஏசுவடியான். பாளையங்கோட்டையில் பிறந்து
பத்தொன்பது வயதில் பர்மாவுக்கு ராணுவ லாரி ஓட்டியவன்.
அங்கே ஹார்லன் என்று ஓர் அமெரிக்க டிரைவர்;
சண்டைக்கு முன்னால் இண்டியானாவில்
புழுதி வட்டத்தில் கார்ப் பந்தயம் ஓட்டினவனாம்.
மண்ணில் பின்சக்கரம் வழுக்கினால்
ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பான்.
ஊர் திரும்பியபோது அண்ணன் பெட்டியில்
ஒரு தூசிக் கண்ணாடி, இரண்டு ஸ்பார்க் பிளக்,
அந்த எதிர்ப்பக்கம்.

தென்காசி பஸ்ஸில் வேலை கிடைத்தது.
பதினோரு நிமிஷம் முன்னதாக வந்ததற்கு மெமோ.
பாவூர்சத்திரத்தில் ஏற நின்றவர்கள்
புழுதியைத்தான் பார்த்தார்களாம்.
மூன்றாவது மெமோவோடு வேலை போயிற்று.
அன்று ராத்திரி இரண்டு தரம் சோறு வாங்கினான்.

மேலப்பாளையம் மைதீன் பிச்சையின் பட்டறையில்
பட்டாளம் ஏலம் விட்ட ஃபோர்டு எஞ்சின்,
முறப்பநாட்டில் கவிழ்ந்த வேனின் அடிச்சட்டம்,
எண்ணெய் டின்னை வெட்டி அடித்த உடம்பு.
கதவு கிடையாது.
மானூர்க் குளம் வற்றினால்தான் எங்களுக்கு சீசன்.
ஊர் முழுக்க மழை கேட்டு ஜெபித்த சித்திரையில்
நாங்கள் மூன்று பேர் மட்டும்
வேறு ஜெபம் பண்ணினோம்.

வெடித்த கரம்பையில் வட்டம் வட்டமாய்.
கரையில் ஆட்டுக்காரப் பையன்கள், அவர்கள் கணக்குத் தனி.
என்னைக் கடக்கும்போது கையை விரிப்பான்: எவ்வளவு?
அடுத்த சுற்றுக்குள் சிலேட்டில் எழுதித்
தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பேன்.
எங்கள் பேச்சு அவ்வளவுதான். வீட்டிலும்.

சோழவரத்தில் ஒரு தடவை மூன்றாம் இடம்.
வெள்ளிக் கிண்ணத்தில் அம்மா உப்புப் போட்டு வைத்தாள்.
பேப்பரில் யேசுதாசன் என்று வந்தது.
மறு வருஷம் அங்கேயே ரேடியேட்டர் வெடித்தது,
அப்போது பெயரைச் சரியாகப் போட்டார்கள்.

ஐம்பத்தெட்டு ஆவணி. கயத்தாறு.
சண்டைக் காலத்து விமான ஓடுபாதை,
வளைவுக்கு அடையாளம் தார் டிரம்கள்.
எஸ்டேட் துரையின் ஜாகுவார் முன்னால்,
எங்கள் எண்ணெய் டின் பின்னால்.
ஏழாவது சுற்று. வாட்ச் சொன்னது: ஒன்று ஐம்பத்து நாலு.
கையை விரித்துக்கொண்டு போனான்.
அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.
சிலேட்டில் எழுதினேன்: ஒன்று ஐம்பத்திரண்டு.
கை தவறவில்லை. அழித்தும் எழுதவில்லை.

எட்டாவது சுற்று, மேற்கு வளைவு.
ஐம்பத்திரண்டை நம்பிய வேகம்.
எதிர்ப்பக்கம் ஒடித்தான்.
அது மண் இல்லை, தார்.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது
மேலே பார்த்த ஒரு சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
ஆஸ்பத்திரி வராந்தாவில் உள்ளங்கையைத் திறந்தேன்:
ஐம்பத்தாறு நிமிஷம், இன்னும் ஓடுகிறது.
திங்கட்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு
நூறு கெஜ ஓட்டம்.
பொத்தானை அமுக்கிப் பூஜ்யம் ஆக்கினேன்.
ரிஜிஸ்டரில்: நல்ல நிலை.

இடது முழங்கால் மடங்காது, கிளட்ச் மிதிக்க ஆகாது.
ஹைவேஸ்காரர்களின் நீராவி ரோலருக்குக் கை போதும்.
மணிக்கு மூன்று மைல்.

பன்னிரண்டு வருஷம் கழித்து வண்ணார்பேட்டையில்
சைக்கிளில் அவனை முந்தினேன்.
கையை விரித்தான். எவ்வளவு?
இறங்கி நின்றேன். ஜல்லியை நொறுக்கிக்கொண்டு
ரோலர் மெள்ள என் பக்கத்துக்கு வந்தது.
"கயத்தாத்துல அம்பத்து நாலு, அண்ணே."
"தெரியும்லா" என்றான்.
"ஏட்டி, ஓரமா நில்லு, தூத்துக்குடி பஸ் வருது."

பஸ் போன தூசியில் இரண்டு பேரும் கண்ணை மூடினோம்.
திறந்ததும் சொன்னான்:
"ஏழு நிமிஷம் லேட்டு."